63,53,18,657 என்ற எண்ணுக்குள் என்ன இருக்கிறது?

தாம்பரத்தில் பிளஸ் டூ படிக்கும் ஒரு மாணவி அனுப்பிய கேள்வி இது. பள்ளி ப்ராஜெக்ட்டுக்கு ராமானுஜன் எண் 1729-ஐ எடுத்திருக்கிறார். இரண்டு கனங்களின் கூட்டலாக இரண்டு வழியில் எழுதக்கூடிய எண் அது; கனங்களுக்குப் பதிலாக நான்காம் அடுக்குகளை வைத்தால் 63,53,18,657 கிடைக்கும் என்று அவருடைய கணக்கு ஆசிரியர் சொல்லியிருக்கிறார். "37 வரைக்கும் உள்ள எல்லாப் பகா எண்களாலும் வகுத்துப் பார்த்துவிட்டேன், எதனாலும் வகுபடவில்லை. அப்படியென்றால் இது பகா எண்தானா? இரண்டு வழியில் எழுதலாம் என்பதைத் தவிர இதில் சொல்லிக்கொள்ளும்படி வேறு ஏதாவது இருக்கிறதா?"

முதல் கேள்விக்குப் பதில்: பகா எண் இல்லை. 37-க்கு அடுத்த பகா எண் 41. அதையும் ஒரு தடவை போட்டிருந்தால் பிடித்திருப்பீர்கள். முழுக் காரணிப்படுத்தல் இது:

63,53,18,657 = 41 × 113 × 241 × 569

இரண்டாவது கேள்விக்குப் பதில் கொஞ்சம் நீளம். இந்த எண்ணில் நிறைய இருக்கிறது. "இரண்டு வழியில் எழுதலாம்" என்று நீங்கள் ஒதுக்கி வைத்த அந்த ஒன்றிலிருந்துதான் மற்ற எல்லாமே கிளம்புகின்றன. காரணிகள்கூட அதற்குள்தான் இருக்கின்றன.

முதலில் பின்னணி. லண்டனில் பட்னி என்ற இடத்தில் ராமானுஜன் உடம்பு சரியில்லாமல் இருந்தபோது அவரை இங்கிலாந்துக்கு வரவழைத்த கணித அறிஞர் ஹார்டி பார்க்கப் போனதும், வந்த டாக்ஸியின் எண் 1729 என்று சொன்னதும், இரண்டு கனங்களின் கூட்டலாக இரண்டு வழியில் எழுதக்கூடிய மிகச் சிறிய எண் அது என்று ராமானுஜன் உடனே பதில் சொன்னதும் நம் ஊரில் எல்லோருக்கும் தெரியும். 1³ + 12³ = 9³ + 10³. அதற்கு அடுத்து நடந்ததைப் பலர் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். நான்காம் அடுக்குக்கு இதே மாதிரி எண் தெரியுமா என்று ஹார்டி கேட்டார். ராமானுஜன் சற்று யோசித்துவிட்டு, கண்ணுக்கு எதுவும் தட்டுப்படவில்லை, அப்படி ஒன்று இருந்தால் அது மிகப் பெரியதாகத்தான் இருக்கும் என்றார். ஹார்டியே இதை எழுதி வைத்திருக்கிறார். விடை 18ஆம் நூற்றாண்டிலேயே சுவிட்சர்லாந்துக் கணித மேதை ஆய்லருக்குத் தெரிந்திருந்தது:

59⁴ + 158⁴ = 133⁴ + 134⁴ = 63,53,18,657

கையாலேயே சரிபார்த்துவிடலாம். 59⁴ = 1,21,17,361. 158⁴ = 62,32,01,296. 133⁴ = 31,29,00,721. 134⁴ = 32,24,17,936. முதல் இரண்டைக் கூட்டுங்கள், கடைசி இரண்டைக் கூட்டுங்கள். ஒரே விடை வரும்.

"மிகப் பெரியது" என்று ராமானுஜன் சொன்னதில் ஒரு கணக்கு இருக்கிறது. 1729 வரைக்கும் வரக்கூடிய கனங்கள் பன்னிரண்டுதான். அவற்றிலிருந்து அதிகபட்சம் 78 ஜோடிகள் எடுக்கலாம். 1729 இடங்களுக்குள் 78 கூட்டல்கள் வந்து விழும்போது இரண்டு ஒரே இடத்தில் மோதுவதில் ஆச்சரியம் இல்லை. நம் எண் வரைக்கும் 158 நான்காம் அடுக்குகள் உண்டு, அதிகபட்சம் 12,561 ஜோடிகள். ஆனால் அவை விழுகிற இடமோ 63 கோடிக்கும் மேல். தாராளமாக வைத்தாலும் ஐம்பதாயிரம் எண்ணுக்கு ஒரு கூட்டல்கூட வராது. அந்த நெருக்கமில்லாத வெளியில் இரண்டு மோத வேண்டும் என்றால் வெகுதூரம் போயாக வேண்டும். சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய் சம்பளத்தில் குமாஸ்தாவாக இருந்த காலத்திலேயே எண்களை அளந்து பழகியவர். அந்தப் பதிலை வெறும் ஊகமாக நான் எடுத்துக்கொள்வதில்லை.

சரி, காரணிகளுக்கு வருவோம். எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான், அதனால் கொஞ்சம் நின்று பார்க்கலாம்.

ஒரு நான்காம் அடுக்கு என்பது ஒரு வர்க்கத்தின் வர்க்கம். 59² = 3481, 158² = 24964, 133² = 17689, 134² = 17956. ஆக நம் எண்ணை இப்படியும் எழுதலாம்:

3481² + 24964² = 17689² + 17956²

ஒரு பகா எண்ணை இரண்டு வர்க்கங்களின் கூட்டலாக எழுத முடிந்தால், ஒரே ஒரு வழியில்தான் முடியும். இது ஆய்லர் காலத்திலிருந்தே நிரூபிக்கப்பட்ட விஷயம். நம் எண்ணுக்கு இரண்டு வழிகள் கண்ணெதிரே இருக்கின்றன. அந்தக் கணமே இது பகா எண் இல்லை என்று முடிவாகிவிடுகிறது, ஒரு வகுத்தல்கூடப் போடாமல். அதோடு நிற்கவில்லை. இந்த இரண்டு வழிகளை வைத்துக் காரணிகளையே வெளியே எடுக்க ஆய்லர் ஒரு முறை வைத்திருக்கிறார்.

ஒற்றை எண்களை ஒரு பக்கமும் இரட்டை எண்களை ஒரு பக்கமும் சேருங்கள். ஒற்றைகள் 17689, 3481. இரட்டைகள் 24964, 17956. முதலில் வித்தியாசங்கள்: 14208, 7008. இவற்றின் மீப்பெரு பொது வகுத்தி 96. பத்தாம் வகுப்பில் படித்த யூக்ளிட் முறையில் மூன்றே வரியில் வந்துவிடும். 96-ஆல் வகுத்தால் 148, 73. அடுத்து கூட்டல்கள்: 21170, 42920. இவற்றின் மீப்பெரு பொது வகுத்தி 290. வகுத்துப் பாருங்கள், அதே 73-உம் 148-உம் இடம் மாறி வரும். வழியில் எங்கும் தப்பு நடக்கவில்லை என்பதற்கு அதுவே சாட்சி.

இப்போது 96-இல் பாதி 48, 290-இல் பாதி 145. இந்த இரண்டு ஒரு ஜோடி, 148-உம் 73-உம் இன்னொரு ஜோடி.

48² + 145² = 23329
148² + 73² = 27233
23329 × 27233 = 63,53,18,657

ஒன்பது இலக்க எண் இரண்டு ஐந்து இலக்க எண்களாகப் பிரிந்துவிட்டது. தாம்பரத்திலிருந்து பீச் போகிற மின்சார ரயிலில் உட்கார இடம் கிடைத்தால், கிண்டி வருவதற்குள் இதைக் காகிதத்தில் போட்டு முடிக்கலாம். மாணவர்களிடம் நான் எப்போதும் இந்தக் கணக்கைக் கால்குலேட்டர் இல்லாமல் போடச் சொல்வேன். இரண்டு மீ.பொ.வ.-களும் கை வழியாக வரும்போதுதான் அந்த இரண்டு வழிகளுக்கும் காரணிகளுக்கும் உள்ள தொடர்பு மனதில் நிற்கும்.

மிச்சம் இருப்பது 23329-ஐயும் 27233-ஐயும் உடைப்பது. இதற்கும் ஒரு குறுக்கு வழி இருக்கிறது. அது தெரிந்திருந்தால் 37 வரைக்கும் நீங்கள் போட்ட வகுத்தல்களில் ஒன்றைத் தவிர எதையும் போட்டிருக்க வேண்டாம்.

41, 113, 241, 569. இந்த நான்கையும் எட்டால் வகுத்து மீதியைப் பாருங்கள். நான்குக்கும் மீதி 1. இது தற்செயல் இல்லை. பொதுக் காரணி இல்லாத இரண்டு எண்களின் நான்காம் அடுக்குகளைக் கூட்டினால், அந்தக் கூட்டலின் ஒற்றைப்படைப் பகாக் காரணி ஒவ்வொன்றும் எட்டால் வகுக்க மீதி 1 தருவதாகத்தான் இருக்க முடியும். ஏன் என்றால், ப என்ற பகா எண் அ⁴ + ஆ⁴-ஐ வகுக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மட்டு எண்கணிதத்தில், அதாவது ப-வால் வகுத்த மீதியை மட்டும் பார்க்கும் கணக்கில், அ-வை ஆ-வால் வகுத்து வருவதை ம என்போம். அப்போது ம⁴ என்பது −1-க்குச் சமானம், ஆகவே ம⁸ என்பது 1-க்குச் சமானம். நான்காம் அடுக்கில் −1 வந்துவிட்டதால் எட்டுக்கு முன்னால் எந்த அடுக்கிலும் 1 வர வாய்ப்பில்லை. ஃபெர்மாவின் சிறு தேற்றப்படி ம-வின் (ப − 1)ஆம் அடுக்கும் 1-தான். இரண்டும் ஒத்துப்போக வேண்டுமென்றால் ப − 1 எட்டால் வகுபட்டாக வேண்டும். அவ்வளவுதான் நிரூபணம்.

59-க்கும் 158-க்கும் பொதுக் காரணி கிடையாது. ஆக 3, 5, 7, 11, 13, 19, 23, 29, 31, 37 எதுவுமே நம் எண்ணின் கிட்டேயே வர முடியாது. எட்டுக்கு மீதி 1 தரும் பகா எண்களின் வரிசை 17, 41, 73, 89, 97, 113 என்று போகிறது. 17-ஆல் வகுத்தால் மீதி 12. அடுத்ததே 41. இரண்டாவது முயற்சியிலேயே காரணி சிக்குகிறது. 23329 = 41 × 569. இன்னொன்றில் 17, 41, 73, 89, 97 எல்லாம் தவறி 113-இல் விழுகிறது: 27233 = 113 × 241. 569 பகா எண்தானா என்று பார்க்க 17-ஐ மட்டும் போட்டால் போதும், ஏனென்றால் அதன் வர்க்கமூலம் 24-க்குள் அடங்கிவிடுகிறது. 241-க்கு அதுவும் தேவையில்லை.

காரணிகள் கையில் வந்ததும் மற்றவை தானாக வரும். நான்கு வெவ்வேறு பகா எண்கள், ஒவ்வொன்றும் ஒரு முறை. அதனால் மொத்த வகுத்திகள் 16. அவற்றின் கூட்டுத்தொகை 42 × 114 × 242 × 570 = 66,04,56,720. எண்ணை விடக் கொஞ்சம்தான் அதிகம், அதாவது தன்னைத் தவிர்த்த வகுத்திகளைக் கூட்டினால் எண்ணில் 25-இல் ஒரு பங்குகூட எட்டாது. இதைப் பற்றி இதற்கு மேல் சொல்ல எதுவும் இல்லை.

ஆனால் வர்க்கங்கள் விஷயத்தில் ஒரு விருந்தே இருக்கிறது. நான்கு காரணிகளுமே நான்கால் வகுக்க மீதி 1 தருபவை. ஆகவே ஒவ்வொன்றையும் இரண்டு வர்க்கங்களின் கூட்டலாக எழுதலாம்: 41 = 5² + 4², 113 = 8² + 7², 241 = 15² + 4², 569 = 20² + 13². இவற்றைப் பெருக்கும்போது குறிகளை மாற்றி மாற்றிப் போட்டால், மொத்த எண்ணையும் இரண்டு வர்க்கங்களின் கூட்டலாகச் சரியாக எட்டு வழியில் எழுத முடியும். இரண்டை ஏற்கனவே பார்த்துவிட்டோம். மற்ற ஆறு இவை:

6764² + 24281²
8876² + 23591²
11929² + 22204²
13316² + 21401²
15449² + 19916²
16039² + 19444²

இந்த எட்டில் இரண்டே இரண்டு வழிகளில்தான் இரண்டு உறுப்புகளுமே தாங்களும் வர்க்கங்களாக இருக்கின்றன. அந்த இரண்டுதான் 59, 158-உம் 133, 134-உம். "நான்காம் அடுக்குகளாக இரண்டு வழி" என்பதை இந்தக் கோணத்திலிருந்து பார்த்தால்தான் அதன் அருமை தெரியும். ப்ராஜெக்ட்டில் இந்த எட்டு வரிகளை ஒரு பக்கத்தில் எழுதி, அந்த இரண்டுக்கு மட்டும் வேறு வண்ணம் கொடுங்கள்.

இன்னொரு அழகு 133-உம் 134-உம் பக்கத்துப் பக்கத்து எண்கள் என்பதால் வருவது. நம் எண்ணோடு 1 கூட்டுங்கள்: 63,53,18,658. இரண்டால் வகுங்கள்: 31,76,59,329. இது 17823-இன் வர்க்கம். மீதியே இல்லாமல். அடுத்தடுத்த எந்த இரண்டு எண்களுக்கும் இது நடக்கும். ந என்ற எண்ணையும் அதற்கு அடுத்ததையும் எடுத்தால் ந⁴ + (ந + 1)⁴ = 2(ந² + ந + 1)² − 1. இங்கே 133² + 133 + 1 = 17823. விரித்துப் பார்த்தால் பத்து நிமிடத்தில் நிரூபித்துவிடலாம், பிளஸ் டூ இயற்கணிதமே போதும்.

அப்புறம், இப்படி ஒரு மோதல் ஏன் நடக்கிறது என்ற கேள்வி. மேலே ஜோடிகளை எண்ணியபோது, தற்செயலுக்கு இங்கே அதிகம் இடமில்லை என்று பார்த்தோம். எண்கள் பெரிதாகப் பெரிதாக ஜோடிகளும் கூடும், வெளியும் கூடும். நான்காம் அடுக்கில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றையொன்று ஈடுகட்டிவிடும். வெறும் வாய்ப்பை நம்பினால் மோதல்கள் அத்தி பூத்தாற்போலத்தான் கிடைக்கும். ஆனாலும் முடிவில்லாத அளவு மோதல்கள் இருக்கின்றன, ஏனென்றால் அவற்றைத் தரும் வாய்பாடே இருக்கிறது. அதன் எளிய வடிவம் ஒன்று:

முதல் எண்: 1 + க² − 2க⁴ + 3க⁵ + க⁶
இரண்டாம் எண்: க − 3க² − 2க³ + க⁵ + க⁷
மூன்றாம் எண்: 1 + க² − 2க⁴ − 3க⁵ + க⁶
நான்காம் எண்: க + 3க² − 2க³ + க⁵ + க⁷

க-வுக்கு எந்த முழு எண்ணைப் போட்டாலும், முதல் இரண்டின் நான்காம் அடுக்குகளின் கூட்டல் கடைசி இரண்டின் கூட்டலுக்குச் சமம். க = 1 போட்டால் 4, −2, −2, 4 என்று இரண்டு பக்கமும் ஒன்றே வந்துவிடும், பயனில்லை. க = 2 போடுங்கள். முதல் எண்: 1 + 4 − 32 + 96 + 64 = 133. இரண்டாம் எண்: 2 − 12 − 16 + 32 + 128 = 134. மூன்றாவது: 1 + 4 − 32 − 96 + 64 = −59, நான்காம் அடுக்கில் கழித்தல் குறி போய்விடும். நான்காவது: 2 + 12 − 16 + 32 + 128 = 158. வாய்பாட்டில் போடக்கூடிய முதல் உருப்படியான எண்ணே நேராக நம் எண்ணுக்குக் கொண்டுவந்து விடுகிறது. க = 3 போட்டு எல்லாவற்றையும் இரண்டால் வகுத்தால் 653⁴ + 1176⁴ = 76⁴ + 1203⁴ வரும்.

இந்த வாய்பாடு எல்லாவற்றையும் பிடித்துவிடாது. 63,53,18,657-க்கு அடுத்த எண் 326,28,11,042. அது 7⁴ + 239⁴ = 157⁴ + 227⁴. அதற்கடுத்தது 865,74,37,697 = 193⁴ + 292⁴ = 256⁴ + 257⁴. இங்கேயும் பக்கத்துப் பக்கத்து ஜோடி ஒன்று வந்திருப்பதைக் கவனியுங்கள். ஒன்று கூட்டி இரண்டால் வகுத்தால் இதற்கும் முழு வர்க்கம் கிடைக்கும்.

கனங்களில் மூன்று வழியில் எழுதக்கூடிய மிகச் சிறிய எண் 8,75,39,319 என்று கண்டுபிடித்துவிட்டார்கள். நான்காம் அடுக்கில் மூன்று வழி உள்ள எண் ஒன்றுகூட இதுவரை யாருக்கும் கிடைக்கவில்லை. ஐந்தாம் அடுக்கிலோ இரண்டு வழி உள்ளதே கிடைக்கவில்லை. அப்படி எண்ணே கிடையாது என்றும் யாரும் நிரூபிக்கவில்லை. ராயபுரத்தில் உள்ள ராமானுஜன் அருங்காட்சியகத்துக்குப் போனால் 1729-ஐப் பார்க்கிறபோது இந்தக் கேள்விகளையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். தரமணியிலும் சிறுசேரியிலும் உள்ள கணித நிறுவனங்களில் எண் கோட்பாடு படிக்கப் போகிறவர்களுக்கு இன்னும் வேலை மிச்சம் இருக்கிறது.

கடைசியாக ஒரு நடைமுறை விஷயம். நம் எண்தான் மிகச் சிறியது என்பதைப் புத்தகத்தை நம்பி எழுத வேண்டாம், நீங்களே காட்டிவிடலாம். 158 வரையிலான எண்களில் 12,561 ஜோடிகள், பள்ளி கம்ப்யூட்டரில் கண் இமைக்கும் நேரம். நம் எண்ணை எழுதும் வழிகளை மட்டும் தேடுவதாக இருந்தால், தேடலைச் சுருக்கவும் வழி உண்டு. நான்காம் அடுக்கை மூன்றாலோ ஐந்தாலோ வகுத்தால் மீதி 0 அல்லது 1 மட்டுமே. நம் எண்ணை மூன்றால் வகுக்க மீதி 2, ஐந்தால் வகுக்கவும் மீதி 2. ஆகவே இதை எத்தனை வழியில் எழுதினாலும் மூன்றின் மடங்கோ ஐந்தின் மடங்கோ உள்ளே நுழைய முடியாது. 59, 158, 133, 134 நான்கையும் சோதித்துப் பாருங்கள்.

சி மொழியில் எழுதினால், சாதாரண இன்ட் வகையில் 214,74,83,647 வரைதான் அடங்கும். நம் எண் அதற்குள் வந்துவிடுவதால் நிரல் சரியாகத்தான் ஓடும். அதே நிரலை 239 வரை நீட்டி அடுத்த எண்ணைத் தேடினால் 326 கோடி அதில் அடங்காமல் தப்புத் தப்பாக விடை வரும். நிரலில் பிழை என்று நினைத்துத் தேடிக்கொண்டிருக்காமல், முதலிலேயே லாங் லாங் என்று அறிவித்துவிடுங்கள். பைத்தானில் எழுதினால் இந்தக் கவலை இல்லை.